தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த நேரம் (ஆமாம், நான்தான்) போன் வந்தது. மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து பிளாக்கில் இருக்கும் தமிழ்க் குடும்பத்து அம்மா. மகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

"சார், பொண்ணுக்கு ஒரு மாநில அரசோட தில்லி ஆபீஸ்ல ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. மத்திய மாநில உறவுன்னு ஏதோ போட்டிருக்கு. ஸ்டைபண்டும் கிடையாது. அங்க போய் என்னதான் பண்ணுவா? வர்ற எம்.பி.க்கெல்லாம் டீ வாங்கிக் குடுக்கணுமா?"

நானும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்போது சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000ஆம் வருஷம் ஏப்ரலில் கும்பகோணத்தில் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதினேன். முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அப்பா என்னைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார். தில்லியில் பெரியப்பா வீடு, ஆர்.கே.புரத்தில் அரசு குவார்ட்டர்ஸ். பெரியப்பா ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். 1965இல் கல்லூரி மாணவராக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனவர். 1966இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, கரோல்பாக்கில் நாலு பேரோடு ரூம் எடுத்து, ஆறே மாதத்தில் இந்தியில் வெண்டைக்காய் பேரம் பேசியவர். நம்மில் பல குடும்பங்களின் கதை இதுதானே. அவருக்கு முந்தைய தலைமுறை குமாஸ்தாக்கள் 1923லேயே இங்கே மதராஸி பள்ளிக்கூடம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு டி.டி.இ.ஏ. பள்ளிகளாக நிற்பது அதுதான். நாம் எல்லோரும் சென்டரின் சம்பளத்தில் ஸ்டேட்டின் சாம்பார் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு மாநில அரசின் தில்லி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தெற்கத்தி மாநிலம், அதற்கு மேல் கேட்காதீர்கள். அங்கே காவிரி ஃபைல் ஒன்று இருந்தது என்று சொன்னாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது, நான்கு பேருக்கும் அந்த ஃபைல் உண்டு. இன்டர்ன் என்ற வார்த்தை அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. என்னை 'ஸ்டூடண்ட்' என்றார்கள், பியூன் 'பாபு' என்றார். சம்பளம் கிடையாது, கேன்டீனில் மதியச் சாப்பாடு இலவசம். அது வரைக்கும் ஊரில் எனக்கு சென்டர், ஸ்டேட் என்றால் மேடைப் பேச்சுதான். மைக் முன்னால் யாராவது கையை ஓங்கிக்கொண்டு இருப்பார். தில்லிக்கு வந்த பிறகுதான் அதற்குப் பின்னால் ஓடும் காகிதத்தைப் பார்த்தேன்.

பாதி நாள் அது ஒரு விருந்தினர் விடுதி மாதிரித்தான் இருக்கும். மந்திரி வருகிறார், பாலம் விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பு. எய்ம்ஸில் வைத்தியத்துக்கு வந்த குடும்பத்துக்கு ஒரு அறை கொடு. ரயிலில் எமர்ஜென்சி கோட்டாவுக்கு லெட்டர் அடி. மீதி பாதி நாளில்தான் அசல் வேலை. காலையில் ஏழு பேப்பரிலிருந்து செய்தி வெட்டி, ஒட்டி, தலைநகருக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். அப்புறம் டாக் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சாஸ்திரி பவன், கிருஷி பவன், நார்த் பிளாக் என்று வெயிலில் சுற்ற வேண்டும். மாநிலத்திலிருந்து மூன்று மாதம் முன்னால் போன கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறது என்று கண்டுபிடித்து வரவேண்டும். ரிசப்ஷனில் பாஸ் வாங்கி உள்ளே போனால், "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்பார்கள். மேலே போனால் "கீழே வந்துவிட்டதே" என்பார்கள். நான் ஒல்லியாக, பயந்த முகத்தோடு இருந்ததால் சில செக்‌ஷன் ஆபீசர்கள் இரக்கப்பட்டு டயரி நம்பரைத் தேடிக் கொடுத்தார்கள். மாநில உரிமை என்பது ஒரு டயரி நம்பரில் தொடங்குகிறது என்பதை எந்த மேடையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த அலுவலகத்தில் எனக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். கணக்குத் துறையிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் அறையின் இரும்பு பீரோவில் சர்க்காரியா கமிஷன் அறிக்கை இருந்தது. 1983இல் மத்திய அரசு அமைத்து 1988இல் அறிக்கை வந்த கமிஷன், 247 பரிந்துரைகள். என்னுடைய முதல் வாரம் முழுக்க அதில் குறித்துக் கொடுத்த பக்கங்களை ஜெராக்ஸ் எடுப்பதிலேயே போயிற்று. எடுக்கும்போது படித்தேன், வேறு என்ன செய்வது. அரசியல் சாசனத்தின் 263ஆவது பிரிவில் மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சில் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நிரந்தரமாக அமைக்க வேண்டும் என்பது சர்க்காரியா சொன்னதில் ஒன்று. 1990 மே மாதம், வி.பி. சிங் காலத்தில் அமைத்தார்கள். அக்டோபரில் ஒரு கூட்டம். அடுத்த கூட்டம் 1996இல்! பிற்பாடு இன்னும் வேடிக்கை. 2006 டிசம்பரில் பத்தாவது கூட்டம், பதினோராவது 2016 ஜூலையில். எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கே ஜெனரல் பாடி வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது.

ஆனால் என் கதை சர்க்காரியா இல்லை, ஃபைனான்ஸ் கமிஷன் என்கிற நிதிக்குழு. காமர்ஸ் படித்தவனுக்குக் கண் அங்கேதானே போகும்.

விஷயம் இதுதான். வருமான வரி, கலால் போன்ற பெரிய வரிகளை வசூலிப்பது மத்திய அரசு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், ரோடு என்று செலவு அதிகமாக இருப்பது மாநிலங்களுக்கு. ஆகவே வசூலில் எவ்வளவு மாநிலங்களுக்கு, அதில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, 280ஆவது பிரிவின்படி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு குழு அமைக்க வேண்டும். முதல் குழு 1951இல் கே.சி. நியோகி தலைமையில். இரண்டாவதற்குத் தலைவர் நம்மூர் கே. சந்தானம். (இவர் தலைமையில் பிற்பாடு ஊழல் தடுப்புக்கு ஒரு குழு அமைந்து, அதன் பலனாகத்தான் 1964இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் வந்தது. வங்கியில் விஜிலென்ஸிலிருந்து போன் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்துக்கு மூலகர்த்தா இவர்தான்.) நான்காவதற்குத் தலைவர் பி.வி. ராஜமன்னார், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

இந்த ராஜமன்னாரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1964-65இல் தில்லியின் பையிலிருந்து மாநிலங்களுக்கு எப்படிப் பணம் போகிறது என்பதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் அவர். சட்டப்படி பங்கு பிரிக்கிற நிதிக்குழு ஒரு பக்கம் இருக்க, சாசனத்தில் பெயரே இல்லாத திட்டக்குழு, 1950இல் ஒரு தீர்மானத்தால் பிறந்தது, இன்னொரு பக்கம் பெரிய தொகைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதை அவர் அப்போதே குறிப்பாக எழுதிவைத்தார். அதுவரை இதெல்லாம் பெரிய தகராறு ஆகவில்லை. தில்லியிலும் பெரும்பாலான மாநிலங்களிலும் காங்கிரஸ்தான் என்பதால் முதல்வரும் பிரதமரும் கட்சிக் கூட்டத்தில் பேசி முடித்துக்கொண்டார்கள். 1967இல் பல மாநிலங்களில் ஆட்சி மாறியது. குடும்பத்துக்குள் வாய்வார்த்தையில் இருந்த பாகம் பத்திரத்துக்கு வந்தது. தில்லியில் மாநில அலுவலகங்களுக்கும் அவற்றின் கடிதங்களுக்கும் உண்மையான எடை அதற்குப் பிறகுதான் வந்தது என்று எனக்குத் தோன்றும்.

1969 செப்டம்பரில் முதல்வர் கருணாநிதி மத்திய மாநில உறவுகளை ஆராய ஒரு குழு அமைத்தார். தலைவர், அதே ராஜமன்னார். கூட டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், நீதிபதி பி. சந்திர ரெட்டி. ஒரு மாநிலம் தானே முன்வந்து இந்த மாதிரி ஒரு குழு போட்டது நாட்டில் அதுதான் முதல் தடவை. 1971 மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். ஆட்சிக் கலைப்புக்குப் பயன்படும் 356ஆவது பிரிவை எடுக்க வேண்டும், மாநிலங்களுக்கிடையிலான கவுன்சிலை உடனே அமைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. அது அதிகம் பேசப்பட்டது. அதிகம் பேசப்படாத ஒன்று, கம்பெனிகள் கட்டும் கார்ப்பரேஷன் வரியையும் மாநிலங்களோடு பங்கு போட வேண்டும் என்பது.

இது ஏன் என்றால், 1959 வரை கம்பெனிகள் கட்டிய வருமான வரியும் மாநிலங்களோடு பங்கு போடும் பானைக்குள் இருந்தது. அந்த வருஷ நிதிச் சட்டத்தில் ஒரு மாற்றம். கம்பெனி கட்டுவது இனி வருமான வரி அல்ல, கார்ப்பரேஷன் வரி என்று ஆயிற்று. பெயர்தான் மாறியது, பணம் பானையை விட்டு வெளியே போய்விட்டது. அடுத்த நாற்பது வருஷம் இந்திய கம்பெனிகள் வளர்ந்து கட்டிய வரியில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு எண்ணை அழித்தால் கேள்வி வரும், தலைப்பை மாற்றினால் வராது.

1974 ஏப்ரலில் தமிழக சட்டசபை மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 1976 ஜனவரி 31 அன்று, நெருக்கடி நிலையின்போது, அந்த ஆட்சியே கலைக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு கடிதம் மட்டும் பலித்தது. சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரங்களில் அதுவரை கொடி ஏற்றியவர்கள் ஆளுநர்கள். முதல்வர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று கருணாநிதி 1974இல் இந்திரா காந்திக்கு எழுதினார். அந்த ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலத்திலும் முதல்வர்கள் ஏற்றுகிறார்கள், இன்றுவரை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது: "கொடிக்குச் செலவில்லைடா, அதான் குடுத்துட்டாங்க."

இனி 2000க்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. ஜூன் மாதம் சாசனத்தின் 80ஆவது திருத்தம் சட்டமானது. இரண்டு வரி மட்டும் பங்கு என்பது போய், கார்ப்பரேஷன் வரி, சுங்கம் உட்பட அநேகமாக எல்லா மத்திய வரிகளும் ஒரே பானைக்குள் வந்தன. 1996 ஏப்ரல் முதல் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி. கே.சி. பந்த் தலைமையிலான பத்தாவது குழு சொன்னதன் பலன். எங்கள் அதிகாரி அன்றைக்கு எல்லோருக்கும் கேன்டீனிலிருந்து ஜாமூன் வரவழைத்தார். நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு வந்த ஜாமூன் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் திருத்தத்தில் ஒரு வரி உண்டு. செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பது பானைக்குள் வராது. அதை அவர் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். ஜாமூன் சாப்பிடும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. பின்னாளில், 2020-21 வாக்கில், மத்திய அரசின் மொத்த வரி வசூலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் செஸ், சர்சார்ஜ் கணக்கில் வந்தது. மறுபடியும் தலைப்பு மாறிய கதைதான்.

ஜூலையில் ஏ.எம். குஸ்ரோ தலைமையிலான பதினோராவது குழு அறிக்கை கொடுத்தது. அந்த மாதக் கடைசியில் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். எல்லா மாநில அலுவலகங்களிலும் அன்றைக்கு ஒரே காட்சி. அறிக்கையின் ஒரு காப்பி கிடைத்தால் போதும் என்று ஆட்கள் ஓடுகிறார்கள். எங்கள் அதிகாரி எங்கிருந்தோ பங்கு அட்டவணைப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் வாங்கிவந்து என் முன்னால் போட்டார். "பழசு புதுசு பக்கத்துல பக்கத்துல போடு. தென் மாநிலம் நாலுக்கும். சாயங்காலத்துக்குள்ள வேணும். எம்.பி.க்களுக்குப் போற நோட்டு."

மாநிலங்களின் பங்கைத் தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை போடுவார்கள். ஆந்திரா 8.465, இப்போது 7.701. கர்நாடகா 5.339, இப்போது 4.930. கேரளா 3.875, இப்போது 3.057. தமிழ்நாடு 6.637, இப்போது 5.385. கழித்தேன். தமிழ்நாட்டுக்கு 1.252 குறைவு, கேரளாவுக்கு 0.818. "தமிழ்நாட்டின் பங்கு 1.25 சதவீதம் குறைந்தது, கேரளாவின் பங்கு 0.82 சதவீதம் குறைந்தது" என்று அழகான கையெழுத்தில் எழுதி டைப்பிஸ்ட்டிடம் கொடுத்துவிட்டேன்.

டைப் ஆகி, இருபது காப்பி எடுத்து, கவரில் போடும் நேரத்தில் அதிகாரி ஒன்றை உருவிப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார்.

"உங்க வீட்டு வாடகைல உன் பங்கு ஆறு ரூபா அறுபத்திமூணு காசு. இப்போ அஞ்சு ரூபா முப்பத்தெட்டு காசு. உனக்கு எத்தனை சதவீதம் குறைஞ்சுது?"

போட்டேன். 1.252ஐ 6.637ஆல் வகுத்தால் 18.9. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. கேரளாவுக்கு 21.1. கர்நாடகாவுக்கு 7.7, ஆந்திராவுக்கு 9. கழித்துப் பார்த்தால் அதிகம் இழந்தது தமிழ்நாடு, வகுத்துப் பார்த்தால் கேரளா. நான் எழுதியது புள்ளிகளில் வந்த வித்தியாசம், போட்ட பெயர் சதவீதம். மூன்று வருஷம் பி.காம். படித்தவன் செய்த பிழை. அது கவரில் போயிருந்தால், ஏதோ ஒரு எம்.பி. சபையில் எழுந்து "எங்கள் பங்கு ஒரு சதவீதம் குறைந்துவிட்டது" என்று கோபமாகப் பேசியிருப்பார். ஒன்றுதானே என்று எதிர்வரிசையில் சிரித்திருப்பார்கள்.

"ரூபாயும் போடு" என்றார். ஐந்து வருஷத்துக்கு மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கு 3,76,318 கோடி என்று குழு மதிப்பிட்டிருந்தது. அதில் 1.252 சதவீதம் சுமார் 4,711 கோடி ரூபாய். வருஷத்துக்கு 940 கோடிக்கு மேல். அவ்வளவு பெரிய எண்ணை நான் அதுவரை கையால் எழுதியதில்லை. பூஜ்யங்களை இரண்டு தடவை எண்ணினேன். இரவு எட்டு மணிக்கு இருபது கவரும் மறுபடி தயாராயின. அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தது அவர்.

வீட்டுக்குப் போனதும் இதைப் பெரியப்பாவிடம் கொதிப்போடு சொன்னேன். நன்றாக வரி வசூலித்து, குடும்பக் கட்டுப்பாடு செய்து, பள்ளிக்கூடம் கட்டிய மாநிலங்களுக்குத் தண்டனையா என்று கேட்டேன். அவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "எதை வெச்சுப் பிரிச்சிருக்கான்?"

சொன்னேன். நூற்றுக்கு 62.5 மார்க் தனிநபர் வருமான இடைவெளிக்கு. பணக்கார மாநிலத்திலிருந்து உன் மாநிலம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு உனக்கு. மக்கள்தொகைக்கு 10, பரப்பு 7.5, உள்கட்டமைப்பு 7.5, வரி வசூல் முயற்சிக்கு 5, நிதி ஒழுக்கத்துக்கு 7.5.

"என் செக்‌ஷன்ல ஒரு பீகார் பையன் இருக்கான். லீவுல ஊருக்குப் போனா, ரயில் இறங்கினப்புறம் பதினாலு கிலோமீட்டர் நடக்கணும். ரோடு கிடையாது. அவன் ஊருக்கு ரோடு போடப் பணம் எங்கேர்ந்து வரணும்கறே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் விட மனசில்லை. "ஒழுங்கா இருந்ததுக்கு மொத்தமே பன்னிரண்டரை மார்க்தானா பெரியப்பா? அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்முலாவை மாத்தினா, எதை நம்பி ஒரு மாநிலம் பட்ஜெட் போடும்?" என்றேன். போன குழுவில் வரி முயற்சிக்கு மட்டும் பத்து மார்க் இருந்தது. அவர் கை கழுவப் போய்விட்டார். பெரியம்மா, "ரெண்டு பேரும் என்ன கவர்மென்ட்டா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

இந்தச் சண்டை நம் நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. பெர்த்தில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1933இல் மேற்கு ஆஸ்திரேலியா தனியாகப் பிரிந்து போகலாமா என்று வாக்கெடுப்பு வைத்து, மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆமாம் என்றார்கள். பிரியவில்லை. அதே வருஷம் அங்கே மாநிலங்களுக்கு உதவித்தொகையைக் கணக்குப் போட ஒரு கமிஷன் வந்தது. இன்றைக்கும் அங்கே ஜி.எஸ்.டி. பங்குக்குச் சண்டைதான்.

அந்த ஆகஸ்டில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு முன்னின்று பல மாநில முதல்வர்கள் தில்லியில் கூடினார்கள். எங்கள் தெரு பூராவும் சிவப்பு விளக்கு வண்டிகள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை, 5.385 அப்படியே நின்றது. அடுத்த குழுவுக்குத் தலைவர் நம்மூர் சி. ரங்கராஜன், ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர். நம்மாள் வந்துவிட்டார் என்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். கணக்குக்கு ஊர் ஏது? தமிழ்நாடு 5.305. பதின்மூன்றாவதில் 4.969, பதினாலாவதில் 4.023. என்.கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது குழு 2021-26க்குக் கொடுத்தது 4.079. அந்தக் குழு 1971 மக்கள்தொகையை விட்டு 2011க்கு மாறியது. 1971இல் நாட்டு மக்களில் தமிழ்நாடு ஏழரை சதவீதம், 2011இல் ஆறு. அதற்கு ஈடாகப் பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கு 12.5 மார்க் தனியாக வைத்தார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பங்கு குறைந்தாலும் பானை பெரிதாகியிருக்கிறது. பத்தாவது குழு சொன்ன 29 சதவீதம், பதினாலாவதில் 42, பதினைந்தாவதில் 41. ஆகவே செஸ், சர்சார்ஜ் நீங்கலாக சென்டர் வசூலிக்கும் 100 ரூபாயில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியது அன்றைய விகிதப்படி 1 ரூபாய் 92 காசு, 2021-26 விகிதப்படி 1 ரூபாய் 67 காசு. 6.637 எங்கே 4.079 எங்கே என்று மட்டும் சொல்கிறவர்கள் பானையை மறைக்கிறார்கள். 41 சதவீதம் கொடுக்கிறோமே என்று மட்டும் சொல்கிறவர்கள் பானைக்கு வெளியே எடுத்து வைத்ததை மறைக்கிறார்கள். வங்கியில் இருபது வருஷம் பாலன்ஸ் ஷீட் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் உண்டு. இரண்டாமவர் மீது கொஞ்சம் அதிகம்.

நான் அலைந்த இடங்களில் யோஜனா பவனில் இருந்த திட்டக்குழு இன்று இல்லை. 2015 ஜனவரியில் நிதி ஆயோக் வந்தது. அது யோசனை சொல்லும், பணம் பிரிக்காது. மாநிலங்கள் வருஷா வருஷம் யோஜனா பவனுக்குப் போய் வாதாடிய வேலையும் அதோடு போயிற்று. 2016இல் ஜி.எஸ்.டி. கவுன்சில் வந்தது. அதில் சென்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலமும் சேர்ந்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு முக்கால் பங்கு வேண்டும். ஆகவே சென்டர் வேண்டாம் என்றால் ஒன்றும் நகராது. 2024 நவம்பரில் பதினாறாவது குழு சென்னைக்கு வந்தபோது தமிழ்நாடு கேட்டது பானையில் 50 சதவீதம். 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மத்திய மாநில உறவுக்கு ஒரு குழு அறிவித்தார். ராஜமன்னார் குழுவுக்குப் பிறகு தமிழ்நாடு போட்ட அடுத்த குழு.

பெரியப்பா ஆறு வருஷத்துக்கு முன்னால் காலமானார். துவாரகாவில் அவர் வீட்டைக் காலி செய்தபோது ஜி.பி.எஃப். ஸ்லிப்புகள், பென்ஷன் பேப்பர்கள் இருந்த ஃபைலை என்னிடம் கொடுத்தார் பெரியம்மா. அதில் மஞ்சளாகிப்போன ஒரு தாள். 2000 ஜூலையில் நான் சாப்பாட்டு மேஜையில் விட்டுப்போன தென் மாநில அட்டவணை, கையால் எழுதிய பிரதி. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் பென்சிலில் வகுத்துப் பார்த்து டிக் போட்டிருந்தது. கர்நாடகா வரிசையில் 7.6 என்று நான் எழுதியதை அடித்து 7.7 என்று திருத்தியிருந்தது.

பக்கத்து பிளாக் பெண் போன திங்கட்கிழமை வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். வியாழக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் மெசேஜ். "அங்கிள், பத்தாவது ஃபைனான்ஸ் கமிஷன்லேர்ந்து பதினஞ்சாவது வரைக்கும் டேபிள் போடச் சொல்லியிருக்காங்க. 6.637க்கும் 4.079க்கும் வித்தியாசத்தை எப்படி எழுதறது?" நான் பதில் டைப் செய்யாமல் அந்த மஞ்சள் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ்: "புரிஞ்சுது அங்கிள். பென்சில்ல திருத்தினது யாரு, உங்க பாஸா?"